ஏற்காடு அடிவாரத்து முதலாளி

டி.ஆர்.சுந்தரம் என்னும் பெயரின் முதலெழுத்து எந்த ஊரைக் குறிக்கிறது என்று வகுப்பில் கேட்பது என் வழக்கமாக இருந்தது. மாறாச் செலவு, மாறும் செலவு ஆகியவற்றை விளக்கும் பாடவேளை அது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து அன்றாடம் பேருந்தில் வருபவர்கள். அர்த்தநாரீசுவரர் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். தங்கள் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கிய ஒருவர், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த நிறுவனம் ஒன்றை நிறுவினார் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாகவே இருக்கும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்றவுடன் சேலம் நினைவுக்கு வருகிறது. அது சரியே. ஏற்காடு மலை ஏறும் சாலையில்தான் அந்தக் கலையகம் இருந்தது. ஆனால் அந்தக் கலையகத்தின் முதலும் முறைமையும் எங்கிருந்து வந்தன என்று தேடினால், திருச்செங்கோட்டுத் தறிக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

சுந்தரம் 1907-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று திருச்செங்கோட்டில், செங்குந்தர் மரபில் வந்த வசதியான நெசவு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். அன்று இவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான். நூல் வாங்குவது, பாவு ஓட்டுவது, தறிக்காரருக்குக் கூலி கொடுப்பது, துணியைச் சந்தைக்கு அனுப்புவது என்று ஒரு சங்கிலி முழுவதையும் கண்ணெதிரே பார்த்து வளரும் பிள்ளைக்குத் தொழில் என்பது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறி நின்றால் நட்டம் என்பது அந்த வீடுகளில் எழுதப்படாத பாடம்.

அவருடைய இளமைக்காலத்தில் இந்த வட்டாரத்தில் இரு வேறு பொருளாதாரச் சிந்தனைகள் அருகருகே நின்றன. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கைராட்டையும் கதரும் மதுவிலக்கும் அங்கு வழிபாடாகவே நடந்தன. கல்கி தம் இளமையில் அங்கிருந்துதான் மதுவிலக்கு இதழுக்கு உழைத்தார். அதே காலகட்டத்தில், அதே ஊரின் நெசவு வணிகர் வீட்டுப் பிள்ளை சென்னையில் பட்டம் பெற்று, நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் கப்பல் ஏறினார். கையால் நூற்கச் சொன்ன ஆசிரமம் ஒருபுறம். எந்திர நெசவின் தாயகத்துக்குப் போன மாணவர் மறுபுறம். இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்தார்கள் என்று நான் கூறவில்லை. ஒரு சிற்றூர் இத்தனை முரண்பட்ட விதைகளை ஒரே பருவத்தில் விதைத்துக்கொண்டது என்பதுதான் என் வியப்பு.

லீட்ஸ் நகரில் அவர் கற்றது படக்கலை அன்று. எந்திரக் கூடத்தை எப்படி ஒழுங்கு செய்வது, ஒரு பணி முடிந்து அடுத்த பணிக்குப் பொருள் நகரும்போது நேரம் வீணாகாமல் பார்ப்பது எப்படி, வேலையாளின் கையும் எந்திரத்தின் ஓட்டமும் எங்கே பொருந்த வேண்டும் என்பனவே அந்தப் படிப்பின் சாரம். கிளாடிஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு 1930-களின் தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பினார். குடும்பத் தொழிலில் அமர்ந்திருந்தால் இன்னுமோர் ஆலை முதலாளியாக இருந்திருப்பார். நமக்கு அவரைப் பற்றி எழுத எதுவும் இருந்திராது.

அப்போது தமிழ்ப் படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பேசும் படம் எடுக்க நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் ரயிலேற்றிப் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டிச் செல்ல வேண்டும். அங்கே கலையகத்துக்கு நாள் வாடகை. தமிழ் அறியாத தொழில்நுட்பர்கள். ஒரு பாடகருக்குத் தொண்டை கட்டினால் ஒரு குழுவே விடுதியில் அமர்ந்து சாப்பிடும். சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற பெயரில் படம் எடுத்துக்கொண்டிருந்த வேலாயுதம் பிள்ளையுடன் கூட்டுச் சேர்ந்த சுந்தரம், ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘துருவா’, ‘நல்லதங்காள்’ ஆகிய படங்களின் வழியே இந்தத் தொழிலின் வரவுசெலவைக் கற்றுக்கொண்டார். பிறருடைய கூடத்தில் வாடகைக்குத் தறி ஓட்டுவதைப் போன்றது அது என்று அந்த நெசவு வணிகர் மகனுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

ஆகவே அவர் கூடத்தையே கட்டினார். 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் உருவாயிற்று. இடம், ஏற்காடு மலையின் அடிவாரம். நகரின் இரைச்சல் எட்டாத தொலைவு; ஒலிப்பதிவுக்கு அது தேவை. திரும்பிய பக்கமெல்லாம் மலை, ஓடை, தோப்பு. வெளிப்புறக் காட்சிக்குத் தனிச் செலவு இல்லை. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம், தொகுப்பறை என ஒரு படம் கதையாக உள்ளே நுழைந்து பெட்டியாக வெளியே வருவதற்கு வேண்டிய அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்தன. கதை எழுதுவோரும், நடிப்போரும், இசை அமைப்போரும், தச்சரும், தையற்காரரும் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். பாவு ஓட்டுவதிலிருந்து துணி மடிப்பதுவரை ஒரே கூரையின் கீழ் நடத்தும் ஆலையின் படிமம் அப்படியே திரைக்கு இடம் பெயர்ந்தது.

நிறுவனத்தின் முதல் படம் ‘சதி அகல்யா’ 1937-இல் வெளிவந்தது. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி அதில் அகலிகை. அதே 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், முதலமைச்சராகியிருந்த இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இழந்த கள் வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியும் கேளிக்கை வரியும் சென்னை மாகாணத்தில் வந்தன. கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த காசில் ஒரு பகுதி சினிமாக் கொட்டகைக்குத் திரும்பியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே அதை வைக்கிறேன். படங்களை அவ்வளவாக விரும்பாத இராஜாஜியின் சட்டம் தம் மாவட்டத்துப் பட முதலாளிக்கு மாலைநேரத்து வாடிக்கையாளர்களை அனுப்பி வைத்திருந்தால், வரலாறு அப்படித்தான் நகைக்கும்.

அடுத்த ஆண்டே எல்லையைத் தாண்டினார் சுந்தரம். மலையாளத்தில் பேசும் படம் ஒன்றுகூட வராதிருந்த காலம். மலையாளி ஒருவர் கதையோடு வந்து அணுக, நொட்டானியின் இயக்கத்தில் ‘பாலன்’ எடுக்கப்பட்டு 1938 ஜனவரியில் வெளியாயிற்று. மலையாளத்தின் முதல் பேசும் படம் சேலத்தில் பிறந்தது. தாயை இழந்த சிறுவனும் சிறுமியும் சிற்றன்னையிடம் படும் துன்பமே கதை. கடவுளர் கதைகளே காசு தரும் என்று தமிழில் எல்லோரும் நம்பிய நாளில், ஒரு மொழியின் முதல் பேசும் படமே சமூகக் கதையாக அமைந்தது. அடுத்த மொழிக்காரரின் சந்தை வெறுமையாக இருக்கிறது என்று கண்டவுடன் தன் கூடத்தின் ஓய்வு நேரத்தை அதற்கு ஒதுக்கும் வணிகக் கண் அவருக்கு இருந்தது. இதைப் பேராசை என்று சிலர் கூறக்கூடும். பொருளியல் படித்தவன் அப்படிக் கூற மாட்டான்.

‘பாலன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஒரு ஜெர்மானியர். போடோ குட்ஷ்வாக்கர் என்பது பெயர். தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களில் அது பலவிதமாக நசுங்கிக் கிடக்கிறது. அந்நாளில் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தில் ஃபிரான்ஸ் ஆஸ்டனும் ஜோசப் விர்ஷிங்கும் பணியாற்றியதை இந்தியத் திரை வரலாறு பெருமையோடு சொல்லும். அதே காலத்தில் ஏற்காடு அடிவாரத்திலும் ஒரு ஜெர்மானியரின் ஒளிக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பது அத்தகைய நூல்களில் அடிக்குறிப்பாகக்கூட அரிதாகவே வரும்.

அந்த ஒளிக்கணக்கு உச்சம் தொட்ட படம் 1940-இல் வந்த ‘உத்தமபுத்திரன்’. சுந்தரமே இயக்கியது. பி.யு.சின்னப்பா இரட்டையராக நடித்தார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று அதைக் குறிப்பிடுவர். கதை, அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடி மனிதனிடமிருந்து வந்தது. ஹாலிவுட்டில் 1939-இல் அது படமாகியிருந்தது. இன்று கணினியில் ஒரு மாணவன் செய்துவிடும் வேலையை அன்று ஒளிப்படக் கருவிக்குள்ளேயே செய்ய வேண்டும். வில்லையின் ஒரு பாதியை மறைத்து ஒருவராக நடிக்கச் செய்து படம்பிடிப்பார்கள். பிறகு சுருளைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பிச் சுற்றி, மறைப்பை மறுபக்கம் மாற்றி, அதே நடிகரை வேறு உடையில் மற்றொருவராக நடிக்கச் செய்து மறுபடி பிடிப்பார்கள். இடையில் கருவி ஒரு மயிரிழை அசைந்தாலும், விளக்கு சற்று மங்கினாலும், இரு பாதிகளுக்கும் நடுவே கோடு விழுந்துவிடும். யார் எந்த நொடியில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். கற்பனைக்கு அங்கே இடம் குறைவு. ஒழுங்குக்கே இடம் அதிகம். ஆலை நடத்தத் தெரிந்தவரும் ஜெர்மானிய ஒளிப்பதிவாளரும் சேர்ந்த இடத்தில் அது கைகூடியதில் எனக்கு வியப்பில்லை.

ஜெர்மானியரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு விலகல். ஆய்வு மாணவனாகச் சென்னையில் இருந்த நாள்களில் மாக்ஸ் முல்லர் பவனில் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டரின் படங்களைப் பார்த்தேன். 1945-இல் பிறந்து, 1982-இல் 37 வயதில் மறைந்தவர். முதல் முழுநீளப் படம் 1969-இல். அதற்குப் பிந்தைய 13 ஆண்டுகளில் தொலைக்காட்சிப் படைப்புகளையும் சேர்த்து 40-க்கும் மேற்பட்ட படங்கள். நான் முதலில் பார்த்தது ‘மரியா பிரௌனின் திருமணம்’. போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் பொருளாதார வளர்ச்சியை ஒரு பெண்ணின் வாழ்க்கை வழியே சொல்லும் படம் என்பதால், ஆய்வுக்குத் தொடர்புடையது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு சென்றேன். பிறகு, முதிய துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தியும் மொராக்கோவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவனும் மணந்துகொள்ளும் கதையான ‘அச்சம் ஆன்மாவைத் தின்னும்’. ஏறத்தாழ இரண்டே வாரங்களில் எடுக்கப்பட்ட படம் அது.

இவ்வளவு விரைவு எப்படி இயலும் என்று வெளியே வந்து யோசித்தபோது, எனக்கு நினைவில் வந்தவர் சுந்தரம்தான். இருவருக்கும் கலை நோக்கில் எந்த உறவும் இல்லை. ஆனால் வழிமுறையில் இருவரும் பங்காளிகள். ஃபாஸ்பிண்டர் நாடகக் குழுவிலிருந்து வந்தவர். அதே நடிகர்கள், அதே தொழில்நுட்பர்கள், படத்துக்குப் படம் பங்கு மாறும், ஆள் மாறார். ஒருவர் மற்றவருக்கு விளக்க வேண்டியதே இல்லாத குழு. சேலத்தில் காளி என்.ரத்தினமும் சி.டி.ராஜகாந்தமும் படத்துக்குப் படம் சிரிக்க வைத்ததும், டி.எஸ்.பாலையா வந்து வில்லத்தனம் செய்ததும் அவ்வகையே. புதிதாகத் தொடங்கும் செலவு ஒவ்வொரு முறையும் இல்லை என்றால், நிறைய எடுக்கலாம். நிறைய எடுத்தால் சில தோற்பதைத் தாங்கலாம். தோல்வியைத் தாங்க முடிந்தால் சிலவற்றில் துணியலாம்.

வேறுபாடும் இங்கேதான் தொடங்குகிறது. ஃபாஸ்பிண்டரின் 40 படங்களையும் அடுக்கிப் பார்த்தால் ஒரே காயத்தை அவர் வெவ்வேறு பக்கத்திலிருந்து தொட்டுப் பார்ப்பது புரியும். சுந்தரத்தின் படங்களை அடுக்கினால் சுந்தரம் தென்பட மாட்டார். அந்தந்த ஆண்டின் பார்வையாளர் என்ன விரும்பினார் என்பதுதான் தென்படும். 1930-களில் புராணமும் அடியார் வரலாறும்; 1942-இல் சுந்தரம் பிள்ளையின் நாடக நூலான ‘மனோன்மணீயம்’ பெரும் பொருட்செலவில் ‘மனோன்மணி’யாக; போர்க்காலத்தில் ‘பர்மா ராணி’; விடுதலை ஆண்டில் ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’; அடுத்துத் துப்பறியும் கதை; அதன் பின் அரசியல் வசனம். இதைக் குறையாகச் சொல்வதா, வரலாற்றுச் சான்றாகச் சொல்வதா என்பதில் நான் நெடுங்காலம் தயங்கியிருக்கிறேன். இன்று இரண்டாவது பக்கமே சாய்கிறேன். ஒரு கலைஞனின் உள்ளத்தை அறிய நமக்குப் பலர் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுக் காலத் தமிழ்ப் பார்வையாளரின் உள்ளத்தை அறிய இப்படியொரு கணக்கேடு வேறு எங்கே கிடைக்கும்?

போர்க்காலம் பற்றிச் சற்றுக் கூறவேண்டும். கச்சாப் படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். போர் மூண்டதும் பங்கீட்டுக்கு உட்பட்டது. படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று அரசு வரம்பு கட்டியது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்கள் எடுக்குமாறு தயாரிப்பாளர்கள் வலியுறுத்தப்பட்டனர். கே.சுப்ரமணியம் ‘மானசம்ரட்சணம்’ எடுத்தார். சுந்தரம் ‘பர்மா ராணி’ எடுத்தார். ஜப்பானியர் பிடித்திருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படையினரின் கதை. ஜப்பானியப் படைத்தலைவனாக நடித்தவர் சுந்தரமே. படம் வந்த 1945-ஆம் ஆண்டின் இறுதியிலேயே செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தினர் மீதான விசாரணை தொடங்கி, நாட்டின் மனநிலை முற்றாக மாறிவிட்டது. காற்றின் திசை பார்த்துப் பாய் விரிப்பவருக்கும் காற்று சில நேரம் இப்படிச் செய்துவிடும். மறு ஆண்டு ‘சுலோசனா’வில் அவர் இந்திரஜித்தாக நடித்தார்.

1950-ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வரலாற்றில் தனியே நிற்கிறது. அவ்வாண்டில் ‘மந்திரி குமாரி’, ‘பொன்முடி’, ‘திகம்பர சாமியார்’ மூன்றும் வந்தன. குண்டலகேசிக் கதையின் கருவைக் கொண்டு கருணாநிதி எழுதிய நாடகம் ‘மந்திரி குமாரி’ ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 26. எம்.ஜி.ஆர். நாயகன். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன், அவர் தாயகம் திரும்ப நேர்ந்ததால் எஞ்சிய பகுதியைச் சுந்தரம் முடித்தார். மலையுச்சியில் கணவனைச் சுற்றிவந்து மனைவியே தள்ளிவிடும் காட்சியைப் பார்த்தவர் எவரும் மறந்ததில்லை. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியம் ‘பொன்முடி’ ஆயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினமான ‘திகம்பர சாமியா’ரில் எம்.என்.நம்பியார் பல வேடங்கள் புனைந்தார். திராவிட இயக்க எழுத்தாளர் ஒருவர், புரட்சிக் கவிஞர், வைதிகக் குடும்பத்தில் பிறந்த துப்பறியும் புதின ஆசிரியர் ஆகிய மூவரும் ஒரே ஆண்டில் ஒரே கூடத்தின் வாசலில் நின்றார்கள். கவிஞர் கண்ணதாசனும் அக்காலத்தில் அங்கே கதைப் பகுதியில் ஊதியம் பெற்றவர். 1954-இல் வந்த ‘இல்லற ஜோதி’க்கு உரையாடல் எழுதினார்.

சுந்தரத்துக்கு அரசியல் சார்பு ஏதும் இருந்ததாகப் படங்களைக் கொண்டு சொல்ல இயலாது. தமிழ் உரையாடல் கூட்டம் சேர்க்கிறது என்பதை அவர் எவருக்கும் முன்பே கண்டுகொண்டார். அந்த வணிகக் கணக்கின் விளைவு, கணக்கிட்டவரே எதிர்பாராத அளவுக்குப் பெரிதாயிற்று. எம்.ஜி.ஆர்., கருணாநிதி, ‘அபூர்வ சிந்தாமணி’யின் நாயகி வி.என்.ஜானகி என இந்த வளாகத்தில் பணியாற்றிய மூவர் பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தனர். சிவாஜி கணேசன் 1953-இல் ‘திரும்பிப் பார்’ படத்தில் நற்குணம் சிறிதுமற்ற நாயகனாக இங்கே நடித்தார். வளர்ந்துவந்த நடிகரைக் கொண்டு அப்படியொரு பாத்திரம் செய்வதற்கு இன்றும் துணிவு வேண்டும்.

நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1952-இல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்துடன் கூட்டாக ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்டது. ராட் கேமரான், சீசர் ரொமீரோ, மேரி வின்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் அதில் நடித்தனர். வரலாற்றுக்கு முந்தைய மயிரடர்ந்த யானைகள் கதைக்குத் தேவைப்பட்டன. நம் யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நடத்தினார்கள். படத்தை அமெரிக்கத் திறனாய்வாளர்கள் மதிக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு மூலதனக் கூட்டு என்னும் சொல்லே தென்னாட்டில் அரிதாக இருந்த நாளில், மாவட்டத் தலைநகர் ஒன்றின் நிறுவனம் அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதை நான் யானைகளைவிடப் பெரிதாக எண்ணுகிறேன்.

1956 பொங்கலன்று ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளியாயிற்று. முழுவதும் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம். கேவா கலர் முறை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். என் தந்தையார் திருச்செங்கோட்டில் சாயப்பட்டறை ஒன்றில் கணக்கெழுதியவர். பேருந்தில் சேலம் சென்று அப்படத்தைப் பார்த்ததை அவர் முதுமைவரை சொல்லிக்கொண்டிருந்தார். எம்.ஜி.ஆரின் வாள்வீச்சோ பானுமதியின் குரலோ அவருக்கு இரண்டாம் நிலைதான். எந்தத் துணியில் எந்தச் சாயம் எப்படித் திரையில் ஏறியிருந்தது, எந்தச் சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது என்பதே அவர் சொல்லும் கதை. சாயமறிந்த ஊர்க்காரர்கள் பலர் அப்படத்தை அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. குறித்த மணிக்குப் படப்பிடிப்பு தொடங்க வேண்டும். புகழ்பெற்ற நடிகர் வரவில்லை என்றால் மாற்று ஆளை நிறுத்தித் தொலைக்காட்சியாகப் பிடித்து முடித்துவிடுவார் என்பார்கள். சம்பள நாள் தவறாது என்பதும் அதே மூச்சில் சொல்லப்படும். பணியாளர்களுக்கு அவர் முதலாளிதான். வேறு பெயர் இல்லை. இந்த முறையில் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். தச்சருக்கும் ஒப்பனைக்காரருக்கும் மாதம் தவறாத வருமானம் என்பது அந்நாளைய நாடக உலகம் அறியாத பாதுகாப்பு. நடிகருக்கோ எழுத்தாளருக்கோ அது கட்டுப்பாடும்கூட. படம் நூறு நாள் ஓடினாலும் சம்பளம் சம்பளம்தான், மிகைலாபம் நிறுவனத்துக்கே. புகழ் பெற்றவர் ஒவ்வொருவராக ஒப்பந்தம் முடிந்தவுடன் சென்னைக்குப் புறப்பட்டதை நன்றியின்மை என்று எழுதுவோர் உளர். எனக்கு அது கூலிச் சந்தையின் இயல்பாகவே தோன்றுகிறது.

இந்தப் புறப்பாட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்களின் பிற்காலம் எழுதப்பட்டிருந்தது. 1935-இல் திரைத்தொழிலில் கிடைத்தற்கரிய காரணி கூடமும் கருவியும். அவற்றை வைத்திருந்தவர் நிபந்தனை விதித்தார். 1960-இல் கூடங்கள் பல இருந்தன. கிடைத்தற்கரியது நட்சத்திரத்தின் நாள். அந்த நாளை வைத்திருந்தவர் நிபந்தனை விதித்தார். எந்தக் காரணி அரிதோ அதற்கே மிகைப்பேறு போய்ச் சேரும் என்பது ரிக்கார்டோ நிலவாரம் பற்றிச் சொன்ன காலத்திலிருந்து நாம் அறிந்தது. கால்ஷீட் முறை வந்தபின், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நடிகர் இடம் மாறும் ஊரில் கலையகம் இருக்க வேண்டும். ரயிலில் ஓர் இரவு தள்ளி இருக்கக் கூடாது. சேலமும் கோவையும் தோற்றது திறமையில் அன்று, தொலைவில்.

சுந்தரம் இதை உணர்ந்திருக்க வேண்டும் என்பதற்குக் கடைசி ஆண்டுகளின் படங்களே சான்று. நட்சத்திர நாயகனைச் சாராத துப்பறியும் படங்கள், பிறமொழிப் படங்கள், சிறு செலவுப் படங்கள் எனத் திரும்பினார். 1961-இல் அவர் இயக்கிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ மலையாளத்தின் முதல் வண்ணப்படம். தலைப்பின் பொருள் ஒட்டுப்போட்ட கோட்டு. புனித யாத்திரைக்காகப் பல்லாண்டு சேர்த்து வைத்த பணத்தை ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குக் கொடுத்துவிடும் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவரின் கதை. வரதட்சணையைக் கண்டிக்கும் மேடை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. முதல் வண்ணப்படத்துக்கு அரண்மனையையும் குகையையும் நாடாமல், ஓர் ஏழையின் கந்தல் கோட்டை அவர் தேர்ந்தார். அலிபாபாவுக்கு வண்ணம் எதற்கு என்று எவருக்கும் புரியும். இந்தக் கதைக்கு வண்ணம் தந்தவருள் நான் மேலே இல்லை என்று சொன்ன அந்தக் கலைஞர் சற்றே எட்டிப் பார்த்தாரோ என்னவோ. 1963-இல் வந்த ‘கொஞ்சும் குமரி’யில் மனோரமா நாயகியானார். நகைச்சுவைப் பெண்ணாகவே பிறர் கண்டவரை நாயகியாகக் கண்ட கண்ணும் இந்த நிறுவனத்தின் கண்தான்.

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் பணியாற்றிய சுந்தரம், 1963 ஆகஸ்ட் 30 அன்று, 56 வயதில் காலமானார். மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கர் போன்றோரைக் கொண்டு துப்பறியும் படங்களால் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1980-களின் தொடக்கத்தோடு அதுவும் நின்றது. நெசவில் ஈட்டிய திருச்செங்கோட்டு முதல் பிற்பாடு லாரிக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும், கல்வி நிலையங்களுக்கும் சென்றது. இந்தியாவின் எந்த மாநிலத்தில் நிலத்தடி நீர் தேடினாலும் எங்கள் ஊர் வண்டி நிற்கும். படத்தில் போட்ட முதல் மட்டும் ஒரு தலைமுறைக்குப் பின் திரும்பி வரவில்லை.

இழப்பு வேறிடத்திலும் உண்டு. ஃபாஸ்பிண்டர் மறைந்த நான்காம் ஆண்டு, 1986-இல், அவருடைய தாயார் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். சிதைந்த படச்சுருள்கள் தேடி எடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டன. 1980-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’ 2007-இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையேறியது. அவருடைய படங்களை இன்று திருச்செங்கோட்டில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நான் பார்க்கலாம். ஐம்பது கிலோமீட்டருக்குள் எடுக்கப்பட்ட ‘பாலன்’ படத்தை நான் மட்டுமல்லர், எவரும் பார்க்க இயலாது. மலையாளத்தின் முதல் பேசும் படத்துக்கு ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. சில ஒளிப்படங்களும் பாட்டுப் புத்தகமுமே மீதி. அந்நாளைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். காற்றுப் பட்டால் நாளடைவில் பிசினாகும். ஓடி முடிந்த படத்தின் சுருளைக் காத்து வைக்கச் செலவு உண்டு, வரவு இல்லை. மாறாச் செலவையெல்லாம் எண்ணி நிருவகித்த முதலாளியின் கணக்கேட்டில் இதற்குப் பத்தி இல்லை. அன்றைய இந்தியத் தயாரிப்பாளர் எவர் ஏட்டிலும் இல்லை. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-இல். சுந்தரம் இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

எஞ்சியுள்ள படங்களையாவது முறைப்படி மின்னணு வடிவுக்கு மாற்றி, எது எங்கே எந்த நிலையில் உள்ளது என்னும் பட்டியலை அரசோ பல்கலைக்கழகம் ஒன்றோ தொகுக்கலாம். பெரிய செலவன்று, ஒரு மேம்பாலத் தூணின் விலையில் முடியும் வேலை. ‘உத்தமபுத்திர’னின் இரு சின்னப்பாக்களுக்கும் நடுவே கோடு விழுகிறதா இல்லையா என்பதை நல்ல பிரதியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்னும் தன்னல ஆசையும் எனக்கு உண்டு.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் தாங்கிய நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. உள்ளே குடியிருப்புகள். கோடையில் மலையேறும் வண்டிகள் அவ்விடத்தில் சற்றே வேகம் குறைத்து, சிலர் இறங்கித் தற்படம் எடுத்துக்கொண்டு, ஏறிப் போகிறார்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).